இணையதள வருகைக் கணக்கும் விளைபொருள் விற்பனையும்

சந்தையில் கூறு கட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் குடியானவருக்கு, அன்று வியாபாரம் நடந்தாலும் நடவாவிட்டாலும், ஒரு சங்கதி மட்டும் கண்முன்னே விளங்கிவிடுகிறது. எத்தனை பேர் நின்று பார்த்தனர், எத்தனை பேர் மஞ்சளை ஒடித்து முகர்ந்தனர், எத்தனை பேர் விலையைக் கேட்ட மாத்திரத்தில் அடுத்த கடைக்கு நகர்ந்தனர் என்பதை அவர் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. ஆயினும் அடுத்த வாரச் சந்தைக்கு வருங்கால், கூறின் அளவையும் விலையையும் உட்காரும் இடத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே வருகிறார்.

இணையதளத்தின் வாயிலாக விற்பனை செய்ய முன்வந்துள்ள விவசாயிகளுக்கு இந்த அனுகூலம் இயல்பாக வாய்ப்பதில்லை. வருகிறவர் முகம் தெரிவதில்லை. வந்தாரா என்பதே தெரிவதில்லை. தளத்தைத் திறந்து, விலையைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுப் போனவர்கள் நூறு பேராயினும், ஒருவருமே வராமற் போயினும், விற்பவருக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே: ஆர்டர் இல்லை. இவ்விரு நிலைமைகளுக்கும் செய்ய வேண்டிய சிகிச்சையோ முற்றிலும் வேறு. முன்னதில் விலையிலோ, படத்திலோ, அனுப்பும் கட்டணத்திலோ கோளாறு இருக்கிறது. பின்னதில் இப்படி ஒரு கடை இருப்பதே ஊருக்குத் தெரியவில்லை. இந்த வேற்றுமையைக் காட்டித் தருவதற்கென்றே வருகைக் கணக்குக் கருவிகள் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றுட் சிறந்தவை சில, ஒரு காசும் பெறாமல் வழங்கப்படுகின்றன.

மத்திய சர்க்கார் 2020-ம் வருஷத்தில் பதினாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், மஞ்சள் தூள், செக்கெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, பாரம்பரிய நெல்லின் அரிசி முதலியவற்றைத் தங்கள் பெயரிலேயே விற்க முற்பட்டுள்ள குழுக்கள் பெருகியிருக்கின்றன. இணையதளமும் அத்தகைய குழுக்களுக்கு ஒரு சொத்தாகிவிட்டது. ஆனால் அச்சொத்து பராமரிக்கப்படும் விதம் திருப்திகரமானதென்று சொல்வதற்கில்லை. திறப்பு விழா நடக்கிறது, படம் எடுக்கப்படுகிறது, பிறகு தளத்தைத் திரும்பிப் பார்ப்பவர் அரிது. விற்பனை மந்தமானால் உடனே எழும் யோசனை விளம்பரத்திற்குப் பணம் கட்டலாம் என்பதே. இலவசமாகக் கிடைக்கும் கணக்கைப் படித்துப் பாராமல் விளம்பரத்திற்கு ஒரு ரூபாயும் செலவிடலாகாது என்பதே நியாயமான முறை. மண்ணைப் பரிசோதித்துப் பாராமல் உரம் வாங்கிக் கொட்டுவதை இந்நாளில் எந்த விவசாயியும் ஆதரிக்கமாட்டார். இதுவும் அத்தகையதே.

இக்கருவிகளுள் பெரிதும் வழங்குவது கூகுள் அனலிட்டிக்ஸ். இது அக்கம்பெனியில் பிறந்ததன்று. அமெரிக்காவில் ஸான் டியாகோ நகரிலிருந்த அர்ச்சின் என்னும் நிறுவனம் விலைக்கு விற்றுவந்த கருவி இது. கூகுள் 2005-ம் வருஷத்தில் அந்நிறுவனத்தை வாங்கி, அவ்வருஷம் நவம்பரிலேயே கருவியை இலவசமாக்கிற்று. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தி வைக்க நேர்ந்து, 2006 ஆகஸ்டில்தான் மீண்டும் எல்லோருக்கும் வாயில் திறக்கப்பட்டது. அதன் பின்னர் உருவம் பலமுறை மாறி, 2020 அக்டோபரில் இப்போதுள்ள நான்காம் பதிப்பு வெளிவந்தது. முந்தைய பதிப்பு 2023 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய கணக்கைப் பதிவு செய்வதை நிறுத்திக்கொண்டது. அத்தேதி பசலி 1433-ன் முதல் நாளாக அமைந்தது தற்செயல். ஆயினும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு நினைவில் நிற்க அது உதவும். ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூலை முதல், பழைய கணக்குகளைத் திறந்து பார்க்கவும் வழியில்லாமற் போயிற்று. தங்கள் பல வருஷத்து விவரங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள் அவற்றை அடியோடு இழந்தனர். இலவசமாகக் கொடுப்பவருக்கு எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்பதை இக்கருவியைப் பயன்படுத்துவோர் மறவாதிருத்தல் வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம் எளியது. கணிப்பொறி மொழியில் எழுதப்பட்ட சில வரிகள், தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டி வைக்கப்படுகின்றன. ஒருவர் தம் கைபேசியில் அப்பக்கத்தைத் திறக்கும்போது, இன்ன பக்கம், இன்ன நேரம், எவ்வழியே வந்தது, எவ்வகைக் கருவி என்னும் விவரங்களை அவ்வரிகள் கூகுளின் கணிப்பொறிக்குத் தெரிவிக்கின்றன. மறுமுறை வருபவரை அடையாளங்காணும் பொருட்டு, குக்கி என்னும் சிறு குறிப்பொன்றை அவருடைய கைபேசியிலேயே வைத்துவிடுகின்றன. பெயரோ தொலைபேசி எண்ணோ இதில் அடங்குவதில்லை.

நிற்க, இவ்வாறு சேரும் கணக்கில் எதைப் படிப்பது என்பதில்தான் பெரும்பாலோர் வழி தவறுகின்றனர். திரையில் முதலில் பெரிய எழுத்தில் காணப்படுவது வருகையாளர் தொகை. தளத்தை அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரரும் அத்தொகையையே எடுத்துக் காட்டிப் பெருமை கொள்வார். அத்தொகையினால் விவசாயிக்கு ஆவது ஒன்றுமில்லை. களத்தில் எத்தனை குருவிகள் இறங்கின என்று எண்ணுவதனால் நெல் கூடிவிடாது.

இதை விளக்க, கற்பனையாக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வது தகும். ஒரு மஞ்சள் விவசாயிகள் குழுவின் தளத்திற்குத் தை மாதத்தில் 600 வருகைகள் ஏற்பட்டன எனக் கொள்க. அவற்றுள் 420 வருகைகள் சமூக வலைத்தளமொன்றில் ரூ. 3,000 கட்டிச் செய்த விளம்பரத்தினால் வந்தவை. 120 வருகைகள் தேடுபொறியில் தாமாகத் தேடி வந்தவை. 60 வருகைகள் முன்பு வாங்கியவர்கள் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட க்யூஆர் கட்டத்தைக் கைபேசியால் பிடித்து வந்தவை. தளத்திலுள்ள வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தி விசாரித்தவர்கள், விளம்பரத்தால் வந்தவர்களுள் 6 பேர். தேடி வந்தவர்களுள் 12 பேர். பொட்டலத்தின் வழியே வந்தவர்களுள் 9 பேர். தொகையை மட்டும் பார்ப்பவர் விளம்பரமே தளத்தைத் தாங்கி நிற்கிறது என்று எண்ணி, அடுத்த மாதம் ரூ. 5,000 கட்டுவார். வழியையும் விளைவையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத் தெரிவது வேறு. விளம்பரத்தால் வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட விசாரிக்கவில்லை. தேடி வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரும், பொட்டலத்தைக் கண்டு வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரும் விசாரித்திருக்கின்றனர். விளம்பரத்தில் ஒரு விசாரணைக்கு ஆன செலவு ரூ. 500. விசாரித்த ஆறு பேரில் மூவர் வாங்கினர் எனினும் ஒவ்வோர் ஆர்டருக்கும் ரூ. 1,000 செலவாயிற்று. இரண்டு கிலோ மஞ்சள் தூளில் நிற்கும் இலாபம் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை மஞ்சள் அரைத்து விற்கும் எவரும் சொல்லிவிடுவர்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பன்னிரண்டும் ஒன்பதும் சிறு எண்கள். பொட்டலத்தின் வழி தேடுபொறியின் வழியினும் மேலானது என்று இந்த ஒரு மாதக் கணக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. அடுத்த மாதம் நான்கு பேர் குறைந்தாலே முடிவு தலைகீழாகலாம். ஒரு பாத்தியில் அறுத்துப் பார்த்து மகசூலை நிச்சயிப்பவர் இல்லை. விளம்பரத்தின் பலவீனமோ 420-ல் 6 என்னும் அளவில் வெளிப்பட்டிருப்பதால், அதைப் பற்றிச் சற்றுத் துணிந்தே பேசலாம். சிறு குழுக்கள் மூன்று நான்கு மாதங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தே எந்த மாறுதலையும் செய்தல் உசிதம்.

இந்த வழிவாரியான கணக்குக் கிடைக்க வேண்டுமானால், முன்கூட்டியே ஒரு சிறு வேலை செய்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பை அழுத்தி ஒருவர் வந்தால், அனலிட்டிக்ஸ் அவரைப் பெரும்பாலும் ‘நேராக வந்தவர்’ என்றே பதிவு செய்துவிடும். எந்தக் குழுவிலிருந்து வந்தார், பொட்டலத்தைக் கண்டு வந்தாரா என்பது தெரியாது. இதற்காகவே இணைப்பின் வாலில் யூடிஎம் என்னும் அடையாளச் சொற்களைச் சேர்க்கும் வழக்கம் உண்டாகியிருக்கிறது. அப்பெயரின் முதலெழுத்து பழைய அர்ச்சின் நிறுவனத்தின் எச்சமாகும். பொட்டலத்திற்கு ஓர் அடையாளம், நகரத்து அடுக்குமாடி வீட்டார் குழுவிற்கு ஓர் அடையாளம், கண்காட்சித் துண்டுப் பிரசுரத்திற்கு ஓர் அடையாளம் எனப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றின் பலனும் தனித்தனியே ஏடேறும். எழுதுவதில் மட்டும் ஒழுங்கு வேண்டும். பெரிய எழுத்தில் ஒருமுறையும் சிறிய எழுத்தில் ஒருமுறையும் எழுதினால் கருவி அவற்றை இரண்டு வழிகளாகக் கொள்ளும். ஒரே புலத்தை இரண்டு உட்பிரிவு எண்களில் எழுதிவிட்டால் அடங்கலில் நேரும் குழப்பத்தைக் கிராம நிர்வாக அலுவலர்கள் நன்கு அறிவர். வாட்ஸ்அப் பொத்தானை அழுத்துவதைத் தளத்தை விட்டு வெளியேறும் அழுத்தமாகக் கருவி தானே குறித்துக்கொள்ளும். தொலைபேசி எண்ணை அழுத்துவதைக் குறிப்பதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விவசாயிகளிடம் வாங்குபவர்களிற் பலர் பேசிப் பார்த்தே வாங்கும் பழக்கமுடையவர்களாதலால், இவ்வேற்பாட்டை ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுதல் நலம்.

அனலிட்டிக்ஸைக் காட்டிலும் விவசாயிக்கு அதிகப் பயன் தருவது, அதே கம்பெனி இலவசமாக அளிக்கும் சர்ச் கன்சோல் என்னும் மற்றொரு கருவி என்று சொன்னால் சிலர் வியப்படையலாம். உண்மை அதுவே. தேடுபொறியில் மக்கள் என்ன சொற்களை எழுதித் தேடினர் என்பது 2011 அக்டோபருக்கு முன்னர் அனலிட்டிக்ஸிலேயே தெரிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு கூகுள் அதைப் படிப்படியாக மறைத்துவிட்டது. இன்று அச்சொற்களைச் சர்ச் கன்சோலில்தான் காணலாம். எந்தச் சொற்களுக்குத் தளத்தின் பெயர் தேடுவோர் கண்ணிற்பட்டது, எத்தனை முறை பட்டது, எத்தனை முறை அழுத்தப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்னும் நான்கு விவரங்களையும் அது தருகிறது. மிக அரிதாகத் தேடப்படும் சொற்களை மட்டும் தேடுவோரின் அந்தரங்கத்தைக் கருதி மறைத்துக்கொள்ளும்.

இப்பட்டியல் வாங்குபவர் வாயிலிருந்து நேரே வரும் செய்தியாகும். விற்பவர் ஒரு பெயரால் அழைக்கும் பொருளை வாங்குபவர் வேறு பெயரால் தேடுவது சகஜம். மண்டியில் விரலி, கிழங்கு என்று பிரித்துப் பேசுவது விவசாயிக்குப் பழக்கம். பட்டணத்துக் குடும்பத்தாருக்கு எல்லாம் மஞ்சள் தூளே. தமிழ்ச் சொல்லையே ரோமன் எழுத்தில் எழுதித் தேடுபவர்களும் உண்டு. தளத்தில் அச்சொல் எவ்வடிவிலும் இடம்பெறாவிடில், தேடுபொறி அதைத் தேடுவோருக்குக் காட்டுவதற்குக் காரணம் குறைவு. இன்னொரு வகைத் தவறும் இதனால் வெளிப்படும். கஸ்தூரி மஞ்சள் என்று தேடியவர்களுக்குச் சமையல் மஞ்சள் விற்கும் தளம் அடிக்கடி காட்டப்பட்டு, ஒருவரும் அழுத்தாமற் போயிருக்கக்கூடும். கஸ்தூரி மஞ்சள் மேனிக்குப் பூசுவது, வேறு இனத்தது; ஆகையால் அவ்வெண்ணிக்கையைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை. ஆனால் தளத்தில் இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ஒரு பத்தியில் எழுதி வைத்தால், அது வாங்குவோருக்கு உபகாரம். விற்போருக்கும் வீண் விசாரணைகள் குறையும். ஈரோட்டு மஞ்சள் என்று தேடுவோர் பலர் இருப்பதாகத் தெரிந்தால் அப்பெயரைத் தலைப்பில் இடத் தோன்றுவது இயல்பு. ஆனால் 2019-ம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; 1999-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட உபயோகிப்பாளர்களே குறியீட்டை வழங்கலாம். அப்பிரதேசத்தில் விளைவிப்பவர்கள் பதிவு செய்துகொண்டே அப்பெயரின் பயனை அடைதல் முறையாகும்.

தளம் திறக்கத் தாமதமாவதும் வந்தவர் திரும்பிப் போவதற்கு ஒரு பெருங்காரணம். கைபேசியில் எடுத்த படங்களை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றுவதே பெரும்பாலும் இதற்கு மூலம். பேஜ்ஸ்பீடு இன்ஸைட்ஸ் என்னும் இலவசச் சோதனையில் தளத்தின் முகவரியை இட்டால் எப்படம் பளுவாயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அனுப்பும் கட்டணம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று தோன்றுவது மற்றொரு காரணம். விலைப் பக்கம் வரை வந்தவர்கள் பலராயும், அதற்கடுத்த பக்கத்தைத் தாண்டியவர்கள் சிலராயும் கணக்குக் காட்டுமானால், சந்தேகத்தை முதலில் இக்கட்டணத்தின் மேல் செலுத்தலாம். கட்டணத்தையும் சேர்த்து ஒரே விலையாக ஒரு மாதம் போட்டுப் பார்ப்பதற்குப் பெருஞ்செலவொன்றுமில்லை.

கணக்கின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. விளம்பரத்தையும் வேவையும் தடுக்கும் கருவிகளைத் தங்கள் கைபேசியில் வைத்திருப்போர் கணக்கில் வருவதேயில்லை. ஐபோனில் வழங்கும் ஸபாரி உலாவி, இத்தகைய குக்கிகளை ஏழு நாட்களில் அழித்துவிடும். எட்டாம் நாள் வருபவர் புதியவராகவே எண்ணப்படுவார். ஒருவரே கைபேசியிலும் கணிப்பொறியிலும் பார்த்தால் இருவராவார். குழுவின் செயலாளரும் அவர் மக்களும் நாள்தோறும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் வருகையே. ஊர்வாரியான கணக்கை நம்பி, இன்ன நகரத்தார் அதிகம் வாங்குகிறார்கள் என்று முடிவு செய்வதும் பிழை. கைபேசி வலையமைப்பின் வழியே வருபவரின் ஊர், அவர் கிராமத்தில் இருந்தாலும், ஏதேனும் ஒரு பெருநகரமாகக் காட்டப்படுவதுண்டு. சரக்கு எங்கே போகிறது என்பதற்குக் கூரியர் ரசீதிலுள்ள பின்கோடு எண்ணே சாட்சி. ஆகவே அனலிட்டிக்ஸ் கணக்கும் பேரேட்டுக் கணக்கும் ஒருநாளும் ஒத்துவராது, ஒத்துவர வேண்டுவதுமில்லை. அம்பாரத்தைக் கண்திட்டமாக மதிப்பதற்கும் தராசில் நிறுப்பதற்கும் உள்ள வேற்றுமை இது. கண்திட்டம் சென்ற வருஷத்தைவிட இவ்வருஷம் அம்பாரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைச் சொல்லும். விலைக்குத் தராசுதான் வேண்டும்.

இனி, இவ்விஷயத்தில் எல்லாவற்றினும் முக்கியமானதும், பெரும்பாலும் கவனிக்கப்படாததுமான ஒன்று உண்டு. இணையதளத்தின் பெயர், அதன் கடவுச்சொல், அனலிட்டிக்ஸ் கணக்கு, சர்ச் கன்சோல் கணக்கு ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன? தளத்தை அமைத்துக் கொடுத்தவர் தம் சொந்த மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் பதிவு செய்து, குழுவுக்கு ஒரு முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் உளது. அவரோடு மனத்தாங்கல் ஏற்பட்டாலோ, அவர் தொழிலை விட்டு வேறிடம் சென்றாலோ, தளத்தின் பெயர் முதல் பல வருஷத்துக் கணக்கு வரை அவரோடு போய்விடும். பட்டாவைத் தரகர் பெயரில் எழுதி வைத்துக்கொண்டு சாகுபடி செய்வதற்கு எவரும் இசையார். இது மட்டும் இசைவாகத் தோன்றுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத சொத்து என்பதே. குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்படுத்தி, அதையே எல்லாக் கணக்குகளுக்கும் நிர்வாகியாக வைத்து, ஒப்பந்தக்காரருக்கு வேலைக்கு வேண்டிய அளவு அனுமதியை மட்டும் தனியாக வழங்குவது மிக எளிது. இரண்டு கருவிகளிலும் அதற்கு வழி உண்டு. இதை இயக்குநர் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, ஒப்பந்தத்திலும் ஷரத்தாகச் சேர்த்து, இவை ஒப்படைக்கப்பட்ட பின்னரே கடைசித் தவணையைக் கொடுத்தல் வேண்டும். குழுக்களுக்கு யோசனை சொல்லும் ஸ்தானத்திலுள்ள வேளாண் அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், திறப்பு விழாவிற்கு இசையுமுன் இந்த ஒரு கேள்வியையாவது கேட்பார்களானால் பிற்காலத்தில் நேரும் பல நஷ்டங்கள் தவிரும்.

இலவசம் என்பது உண்மையில் இலவசந்தானா என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. தளத்திற்கு வருபவரின் நடமாட்ட விவரங்கள் ஓர் அயல்நாட்டுக் கம்பெனியின் கணிப்பொறிக்குச் செல்கின்றன. அதுவே அக்கருவிக்குக் கொடுக்கப்படும் கிரயம். ஐரோப்பாவில் ஆஸ்திரியா தேசத்து அதிகாரிகள் 2022 ஜனவரியிலும், பிரான்சு தேசத்து அதிகாரிகள் 2022 பிப்ரவரியிலும், இவ்வாறு விவரங்கள் அமெரிக்கா செல்வது தங்கள் சட்டத்திற்கு முரண் என்று முடிவு கூறினர். 2023 ஜூலையில் இரு கண்டத்தாருக்கும் இடையே புதிய ஏற்பாடு ஒன்று செய்துகொள்ளப்பட்ட பின்னரே அச்சிக்கல் தளர்ந்தது. இந்தியாவிலும் 2023-ம் வருஷத்தில் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. இன்ன விவரம் இன்ன காரணத்திற்காகச் சேகரிக்கப்படுகிறது என்று தெளிவாக அறிவித்துச் சம்மதம் பெறுவதே அதன் அடிப்படை. விவசாயிகள் குழுவாயினும் தன் தளத்தில் எளிய தமிழில் அத்தகைய அறிவிப்பொன்றை வைத்தல் மரியாதையுமாகும், முன்னெச்சரிக்கையுமாகும். ஆர்டர் கொடுத்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பக்கத்தின் முகவரி வரியிலேயே வந்து விழும்படி சில தளங்கள் அமைக்கப்பட்டிருப்பதுண்டு. அவ்வாறிருந்தால் அவ்விவரங்களும் சேர்ந்து கூகுளுக்குப் போய்விடும். இதை அக்கம்பெனியின் விதிகளே தடுக்கின்றன. ஒப்பந்தக்காரரிடம் சொல்லி உடனே திருத்திக்கொள்ள வேண்டிய பிழை இது.

விவரங்களை வெளியே அனுப்ப விரும்பாதவர்களுக்கு மாற்றோமோ என்னும் கருவி இருக்கிறது. 2007-ம் வருஷத்தில் பிவிக் என்னும் பெயருடன் தொடங்கி 2018-ல் இப்பெயர் பெற்ற இதை, குழு தான் வாடகைக்கு வைத்திருக்கும் கணிப்பொறி இடத்திலேயே காசின்றி நிறுவிக்கொள்ளலாம். கணக்கு முழுவதும் குழுவின் கைவசமே இருக்கும். ஆனால் அவ்வப்போது புதுப்பிக்கவும் காவல் செய்யவும் விஷயம் தெரிந்த ஓர் ஆள் தேவை. அத்தகைய இளைஞர் ஊரில் இருப்பின் இதுவே மேலானது. இல்லையெனில் கவனிப்பாரற்ற மாற்றோமோவைவிடக் கவனிக்கப்படும் அனலிட்டிக்ஸ் பாதகமில்லை.

இவ்வளவும் எல்லா விவசாயிகளுக்கும் வேண்டியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அளப்பவருக்கும், கரும்பை ஆலைக்குப் பதிவு செய்திருப்பவருக்கும், பாலைச் சங்கத்தில் ஊற்றுபவருக்கும் இணையதளமே அவசியமில்லை. அதன் கணக்கு எதற்கு? அத்தகையோரை இணையதளம் வைத்துக்கொள்ளத் தூண்டி ஆயிரக்கணக்கில் செலவிடச் செய்வது உபகாரமாகாது. உண்போர் கைக்கு நேரே பொட்டலமாய்ப் போகும் சரக்குகளுக்கே இது பொருந்தும். தளமில்லாமல், சாலையோரத் தோட்டத்திலேயே மாம்பழம் விற்பவர்கள்கூடக் கூகுள் வரைபடத்தில் தங்கள் தோட்டத்தைக் காசின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். எத்தனை பேர் அதன்வழி தொலைபேசியில் அழைத்தனர், எத்தனை பேர் தோட்டத்திற்கு வழி கேட்டனர் என்னும் கணக்கை அப்பதிவு மாதந்தோறும் காட்டும். சிறு வியாபாரத்திற்கு அதுவே போதுமானது.

அமைத்துக்கொண்டவர்கள் உடனே கவனிக்க வேண்டிய ஓர் அமைப்பு மீதமிருக்கிறது. அனலிட்டிக்ஸில் வருகையாளர் வாரியான நுட்பமான விவரங்கள், ஒன்றும் செய்யாமல் விட்டால், இரண்டு மாதங்களே தங்கும். அமைப்புப் பக்கத்தில் மாற்றினால் பதினான்கு மாதங்கள் தங்கும். மஞ்சளோ ஒன்பது மாதப் பயிர். தை, மாசியில் அறுவடையாகும் சரக்கின் வியாபாரத்தைச் சென்ற வருஷத்துத் தை, மாசியோடு ஒப்பிட்டாலன்றி இதில் பொருளில்லை. இரண்டு மாதக் கணக்கு அதற்கு எவ்விதத்திலும் உதவாது. ஒருமுறை அழிந்த விவரத்தைப் பிறகு அமைப்பை மாற்றி மீட்கவும் முடியாது. சர்ச் கன்சோல் பதினாறு மாதக் கணக்கையே வைத்திருக்கும். ஆகையால் கிழங்கு ஊன்றும் வைகாசி மாதத்திற்குள் முன்னதை மாற்றி வைத்து, பின்னதன் பட்டியலை ஆறு மாதத்திற்கொரு முறை கணிப்பொறியில் இறக்கிக் குழுவின் பெயரிலுள்ள இடத்தில் சேமித்து வைத்தல் வேண்டும். செயலாளர் ஒருவர் உட்கார்ந்தால் இரண்டு வேலைகளும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.